ட்ரெஸ்டன் பக்கம் கூட்டமில்லாத ஏரி, குளங்கள்: வழி சொல்ல வேண்டுகிறேன்

கேள்வி: கோபி வாய்க்கால்கரை

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் வரும் செப்டம்பர் கடைசியில் ஜெர்மனிக்குப் போகிறோம். மகள் ட்ரெஸ்டன் நகரில் வேலை பார்க்கிறாள். நவம்பர் முதல் வாரம் வரை அவளுடன் தங்கியிருப்போம். பெர்லின், பிராக், எல்பே ஆற்றங்கரைப் பாறைக் குன்றுகள் என்று அவள் ஒரு நீண்ட பட்டியல் தயாரித்து வைத்திருக்கிறாள். அவள் மனம் நோகக் கூடாது என்பதற்காக அவற்றில் சிலவற்றுக்குப் போகத்தான் போகிறோம். ஆனால் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் பயிரிட்டே காலத்தைக் கழித்த எனக்கு, ஓர் ஊரின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, யார் மடை திறக்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் அந்த ஊரைப் பார்த்த நிறைவு வரும்.

ஆகவே ட்ரெஸ்டனிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் தொலைவில், அல்லது இரண்டு இரவு தங்கிப் பார்க்கும் வகையில், சுற்றுலாப் படகும் கூச்சலும் இல்லாத ஏரிகளோ குளங்களோ கிராமப்புறத்தில் இருந்தால் சொல்லுங்கள். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. ஏற்றம் இறக்கம் ஆகாது, சமதளத்தில் மெதுவாக ஒரு மணி நேரம் நடப்பார். அவர் சைவம், நான் மீன் சாப்பிடுவேன். மகளுக்குக் கார் இல்லை. அக்டோபரில் அங்கே குளிர் எப்படி இருக்கும், அந்த மாதத்தில் போவதில் பயன் உண்டா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: சூலூர்க் குளத்தங்கரை

வணக்கம் ஐயா. சூலூருக்குத் திரும்புவதற்கு முன் சில ஆண்டுகள் ட்ரெஸ்டனில் வேலை பார்த்தவன் என்ற முறையில், யோசிக்காமல் ஒரே இடத்தைச் சொல்வேன்: பௌட்சன் நகருக்கு வடக்கே விரிந்து கிடக்கும் மேல் லவுசிட்ஸ் குளக்காடு. ட்ரெஸ்டனிலிருந்து கோர்லிட்ஸ் செல்லும் வட்டார ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் பௌட்சன் வந்துவிடும். அங்கிருந்து வடக்கும் வடகிழக்குமாக, சுமார் 30,000 ஹெக்டேர் பரப்பில், முந்நூறுக்கும் மேற்பட்ட குளங்கள் காட்டுக்கும் வயலுக்கும் நடுவே சிதறிக் கிடக்கின்றன. யுனெஸ்கோ 1996-ஆம் ஆண்டு இப்பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக அங்கீகரித்தது.

காப்பகம் என்றதும் கன்னிக் காடு என்று எண்ணிவிட வேண்டாம். அங்குள்ள குளங்களில் ஏறத்தாழ எல்லாமே மனிதன் வெட்டியவை. மணலும் சதுப்புமாக இருந்து விளைச்சலுக்கு உதவாத பள்ள நிலத்தில், இடைக்காலத்திலிருந்தே மடங்களும் பண்ணையார்களும் கரை போட்டு நீரைத் தேக்கிக் கெண்டை வளர்த்தார்கள். கிறிஸ்தவ நோன்பு நாள்களில் இறைச்சி விலக்கு, மீனுக்கு விலக்கில்லை என்பதால் மடங்களுக்குக் குளம் என்பது உணவுக் கிடங்காகவே இருந்தது. அந்தப் பக்கத்திலேயே 1248-இல் நிறுவப்பட்ட சாங்க்ட் மரியன்ஷ்டெர்ன் கன்னியர் மடம் இன்றும் இயங்குகிறது. குளங்களும் இன்றும் வேலை செய்கின்றன. நீங்கள் பார்க்கப் போவது ஒரு பண்ணையை. அதைப் பண்ணையாகவே பார்த்தால்தான் அதன் அழகு பிடிபடும் என்பது என் கருத்து.

வாய்க்கால்காரரான உங்களுக்கு அதன் அமைப்பு உடனே புரியும். நம் நொய்யலில் தடுப்பணை போட்டு வாய்க்கால் வழியாகக் குளத்துக்குக் குளம் நீர் கொண்டுபோகிறோம் அல்லவா, அங்கே ஸ்பிரே ஆறும் அதன் கிளைகளும் அதையே செய்கின்றன. மேல் குளத்தின் உபரி கீழ்க் குளத்துக்குப் போகும். வேறுபாடு என்னவென்றால், நம் குளங்கள் பாசனத்துக்காக நிரம்புகின்றன, மீன் துணை வருமானம். அங்கே மீனுக்காகவே நிரப்புகிறார்கள். ஆழமும் மிகக் குறைவு, சராசரியாக ஒரு மீட்டர்தான் இருக்கும். அந்தக் குளிர் நாட்டில் வெயில் அடிமண் வரை இறங்கி நீர் சூடாக வேண்டும், அப்போதுதான் கெண்டை தின்று வளரும். நாம் கரையில் பனை வைப்பதைப் போல அவர்கள் ஓக் மரம் வைத்திருக்கிறார்கள். வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். சில கரைகளில் நிற்கும் ஓக் மரங்களை இருவர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது.

இப்போது உங்கள் அக்டோபர் கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு வாய்த்திருப்பது ஆண்டின் மிகச் சிறந்த மாதம். வசந்தத்தின் முடிவில் சிறு குட்டைகளில் முட்டையிட்டுப் பொரிக்கும் கெண்டைக் குஞ்சு, குளிர்காலத்தில் ஆழமான, நீரோட்டமுள்ள குளத்துக்கு மாற்றப்பட்டு, கோடையில் மீண்டும் மேய்ச்சல் குளத்துக்கு வந்து, இப்படி மூன்று கோடைகளைக் கழித்த பிறகுதான் ஒன்றரை, இரண்டு கிலோ எடையுள்ள விற்பனை மீனாகிறது. மூன்றாம் இலையுதிர் காலத்தில் அறுவடை. செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை ஒவ்வொரு குளமாக வடிக்கிறார்கள்.

அதைக் கட்டாயம் பாருங்கள். மதகுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிய மரப்பலகைகள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக உருவ, நாள் கணக்கில் நீர் மெல்ல இறங்கும். ஒரேயடியாகத் திறந்தால் மீன் சேற்றில் சிக்கிக்கொள்ளும். கடைசியில் மதகை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் நீர் மிஞ்சி, அந்தச் சின்ன இடத்தில் குளத்து மீன் முழுவதும் முதுகு தெரியப் புரண்டுகொண்டிருக்கும். விடியற்காலைப் பனிமூட்டத்தில், மார்பு வரை ஏறிய ரப்பர் உடை அணிந்த ஆள்கள் இறங்கி வலையை வளைத்து இழுப்பார்கள். கரையில் ஒரு சாய்வு மேசை. அதன்மேல் மீனைக் கொட்டி, கெண்டை ஒரு தொட்டிக்கு, மற்ற மீன்கள் வேறு தொட்டிகளுக்கு, இன்னும் வளர வேண்டியது மறுபடி குளத்துக்கு என்று கை ஓயாமல் பிரிப்பார்கள். பெரும்பாலும் அது கண்ணாடிக் கெண்டை: உடம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் செதில் இருக்கும், அந்தச் செதிலும் நாணயம் அளவுக்குப் பெரிதாக இருக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துக்குக் கெண்டை சமைக்கும் வீடுகளில் ஒரு செதிலை எடுத்துப் பணப்பையில் வைத்துக்கொள்வார்கள். ஆண்டு முழுவதும் பணம் தங்கும் என்பது நம்பிக்கை.

சிவகங்கை, திண்டுக்கல் பக்கத்து மீன்பிடித் திருவிழாவைப் போல ஊரே இறங்கிப் பிடிப்பது அங்கே கிடையாது. பண்ணை ஆள்கள்தாம் இறங்குவார்கள். நாம் கரையில் நின்று பார்க்கலாம். சில பண்ணைகள் இதைப் பொதுமக்களுக்கான விழாவாகவே நடத்தி, கரையோரம் வறுத்த மீனும் புகையில் வாட்டிய மீனும் விற்கின்றன. லவுசிட்ஸ் மீன் வாரங்கள் என்ற பெயரில் இலையுதிர் காலம் முழுவதும் வட்டார உணவகங்களிலும் கெண்டை கிடைக்கும்; விழா நாள்களை மகளை இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

நடப்பதற்கு, வார்தா என்னும் சிற்றூரில் காப்பக நிர்வாகம் நடத்தும் ஆயிரம் குளங்களின் இல்லம் என்ற பார்வையாளர் மையத்திலிருந்து தொடங்குங்கள். பக்கத்தில் உள்ள குட்டாவ் குளங்களின் கரைகள் மேசை போலச் சமமானவை. அம்மாவுக்கு முழங்கால் தொந்தரவு வராது.

பதில் 2: வெள்ளோட்டுப் பறவை நோக்கன்

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், ஆனால் சிறந்த மாதம் அக்டோபர் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மே கடைசியில் அந்தக் கரைகளில் நின்றவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். நாணலில் பறவைகள் கூடு கட்டியிருக்கும், மாலையில் செவ்வயிற்றுத் தேரைகள் ஒரே சுருதியில் கூப்பிட்டுக்கொண்டிருக்கும், கிராமத்துக் கம்பங்களின் மேல் வெண்நாரைகள் குஞ்சு பொரித்திருக்கும். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். செப்டம்பர் வருவதற்குள் நாரைகள் பெரும்பாலும் போய்விடுகின்றன.

எனினும் ஐயாவின் தேதி முடிவாகிவிட்டதால், இலையுதிர் காலத்தில் கிடைப்பதைச் சொல்கிறேன். நஞ்சராயன் குளத்துக்கு மத்திய ஆசியாவிலிருந்து வரித்தலை வாத்து வருவதை நம் பக்கத்துக்காரர்கள் அறிவார்கள். லவுசிட்ஸ் குளங்களுக்கு ரஷ்யாவின் வடகோடித் துந்திரச் சமவெளியிலிருந்து காட்டு வாத்துகள் பெருங்கூட்டமாக வந்து இறங்குகின்றன. பகலில் அறுவடை முடிந்த வயல்களில் மேய்ந்துவிட்டு, அந்தி சாயும் நேரத்தில் அணி அணியாகக் குளத்துக்குத் திரும்பும். கிரேன் எனப்படும் சாம்பல் நிறப் பெருங்கொக்குகளும் அப்படியே. வடித்த குளத்தின் சேற்றில் மிஞ்சிய சிறு மீனுக்காக வெண்வால் கழுகுகள் கரை மரங்களில் வந்து உட்காரும். நம்மூர்ச் செம்பருந்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் உருவம் திகைப்பாக இருக்கும், விரித்த சிறகு இரண்டு மீட்டருக்கும் மேல். மாயாற்றில் உள்ள நீர்நாயின் உறவினமும் அங்கே நிறைய உண்டு. பெரும்பாலும் இரவில் நடமாடுவதால் கரைச் சேற்றில் காலடித் தடத்தைத்தான் எதிர்பார்க்கலாம்.

ஒரு பைனாகுலர் எடுத்துச் செல்லுங்கள். மாலைப் பறவைகளைப் பார்க்க வேண்டுமானால் அருகிலேயே ஓர் இரவாவது தங்க வேண்டும், ஏனெனில் கடைசிப் பேருந்து பெரும்பாலும் அதற்கு முன்பே போய்விடும். கரையைவிட்டு நாணலுக்குள் இறங்காதீர்கள். மற்றொன்று, அங்கே புல்லில் உள்ள உண்ணி நம் மாட்டு உண்ணியைப் போலச் சாதாரணமானதல்ல. லைம் நோயையும், சில இடங்களில் மூளைக்காய்ச்சலையும் பரப்பும், அக்டோபரிலும் நடமாட்டம் இருக்கும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடந்து, அறைக்குத் திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

பதில் 3: ஈரோட்டிலிருந்து லைப்சிக்

இருவரும் குளங்களைப் பற்றி நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் எழுதுவதற்குக் காரணம், வரைபடத்தில் லவுசிட்ஸ் என்று தேடினால் அந்தச் சிறு குளங்களைவிடப் பன்மடங்கு பெரிய நீலத் திட்டுகள் கண்ணில் படும். மகள் ஆசையாக அவற்றுக்கு அழைத்துப் போகலாம். அவை வேறு வகை. நெய்வேலியைப் போலவே லவுசிட்ஸும் பழுப்பு நிலக்கரி பூமி. 1990-க்குப் பிறகு பெரும்பாலான சுரங்கங்கள் மூடப்பட்டு, அந்தப் பெரும் பள்ளங்களில் நிலத்தடி நீரும் ஆற்று நீரும் ஏறி ஏரிகளாகியிருக்கின்றன. சாக்சனி மாநிலத்தின் மிகப் பெரிய ஏரியான பேர்வால்ட் ஏரி, சுமார் 13 சதுர கிலோமீட்டர் பரப்பு, அப்படிப் பிறந்ததுதான். அதன் கரையில் நின்றால் பாக்ஸ்பெர்க் அனல்மின் நிலையத்தின் நீராவி எதிரே எழுந்துகொண்டிருக்கும். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும். அமைதி தேடி வருபவர்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரியாது.

எச்சரிக்கை ஒன்று உண்டு. சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய தளர்ந்த மணல், நிலத்தடி நீர் ஏறி ஊறியதும், சிறு அதிர்விலும் கூழாகி நழுவக்கூடியது. 2009 ஜூலையில் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தின் நாக்டர்ஷ்டெட் ஊரில் ஏரிக்கரை சரிந்து வீடுகளோடு மூவர் உயிரிழந்தார்கள். 2010 அக்டோபரில் லவுசிட்ஸிலேயே ஸ்பிரேடால் அருகே பெரும் நிலப்பரப்பு நழுவியது. ஆகவே அந்த ஏரிகளில் திறந்துவிடப்பட்ட கரையிலும் பாதையிலும் மட்டுமே நடக்க வேண்டும். மஞ்சள் பலகையில் ‘லேபன்ஸ்கெஃபார்’ என்று எழுதியிருந்தால் உயிருக்கு ஆபத்து என்று பொருள். ஆளில்லாத அழகான மணல் கரையாயிற்றே என்று தாண்டிப் போகக் கூடாது. மீன் குளங்களில் இந்த அச்சம் கிடையாது.

இன்னொன்று: ஸ்பிரே ஆறு சில இடங்களில் துருப்பிடித்த பழுப்பு நிறமாக ஓடுவதைப் பார்த்தால் சாயக்கழிவு என்று நினைத்துவிடாதீர்கள். நொய்யலைப் பார்த்து வளர்ந்த நமக்கு முதலில் அந்தச் சந்தேகம்தான் வரும். சுரங்கம் தோண்டியபோது காற்றுப் பட்ட மண்ணிலிருந்து இரும்பு கரைந்து நீரில் கலக்கிறது. சாயம் இல்லை என்பதற்காக அது நல்லது என்று ஆகிவிடாது. அந்தச் சேறு படிந்த இடத்தில் மீன் முட்டையும் நீர்ப்பூச்சியும் பிழைப்பது கடினம்.

கேட்டவர்: கோபி வாய்க்கால்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. பலகை மதகைப் பற்றி வாசித்ததும் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று இருவரும் முடிவு செய்துவிட்டோம். இன்னும் சில ஐயங்கள் உள்ளன. குளத்தில் கால் நனைக்கலாமா? சைவ உணவு அந்தக் கிராமங்களில் கிடைக்குமா, அல்லது கட்டுச்சோறு எடுத்துப் போக வேண்டுமா? ரயில், பேருந்துச் சீட்டை எப்படி எடுப்பது சிக்கனம்? மழை பொய்த்த ஆண்டில் அந்தக் குளங்கள் என்ன ஆகும் என்பதையும் அறிய ஆவல்.

பதில் 4: சூலூர்க் குளத்தங்கரை

கால் நனைக்க வேண்டாம் ஐயா. அவை ஒருவருடைய உடைமை. தூண்டில் போடுவதற்கும் உரிமமும் அனுமதியும் வேண்டும். தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டுமென்றால் வார்தாவுக்குப் பக்கத்தில் ஓல்பா ஏரி என்ற குளிக்கும் இடம் இருக்கிறது, ஆனால் அக்டோபர் நீரில் கால் வைத்தால் உடனே எடுத்துவிடுவீர்கள். பகலில் பத்துப் பன்னிரண்டு பாகை, விடியலில் அதற்கும் வெகு கீழே, சில நாள் உறைபனியும் விழும். வலை இழுப்பதைக் காலையில் நின்று பார்ப்பதற்குக் கம்பளித் தொப்பியும் கையுறையும் தேவைப்படும். கரை ஈரமாக இருக்கும் என்பதால் செருப்போடு போகாதீர்கள்.

உணவைப் பொறுத்தவரை அம்மாவுக்கு அந்த வட்டாரத்தின் பேர்பெற்ற பண்டமே சைவம்தான். தோலோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, நீர் வடித்த தயிரைப் போன்ற குவார்க், அதன்மேல் பச்சை ஆளிவிதை எண்ணெய், நறுக்கிய வெங்காயம். அங்குள்ள சோர்பிய மக்களின் அன்றாட உணவு அது. எண்ணெயில் மெல்லிய கசப்பு இருக்கும், நம் நாக்குக்கு ஒரு சிட்டிகை மிளகாய்ப் பொடி கூடுதலாகத் தேவைப்படலாம். சோர்பியர்கள் ஸ்லாவிய இனச் சிறுபான்மையினர், தங்கள் மொழியை இன்றும் பேசுகிறார்கள். ஊர்ப் பலகைகளில் இரண்டு பெயர் இருக்கும், பௌட்சனுக்குக் கீழே புடிஷின் என்று எழுதியிருக்கும். மகள் பேருந்து நிறுத்தங்களைத் தேடும்போது குழம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். கட்டுச்சோறும் எடுத்துப் போங்கள்: சிற்றூர் உணவகங்கள் வாரத்தில் சில நாள் மூடியிருக்கும், ஞாயிறன்று கடைகள் எங்கும் இல்லை.

மகளிடம் பெரும்பாலும் மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கும். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2025-இல் 58 யூரோ ஆனது. வட்டார ரயில், பேருந்து எல்லாவற்றிலும் செல்லும், அதிவேக ரயிலில் செல்லாது. நீங்கள் ஒரு மாதத்துக்கு மேல் தங்குவதால் உங்கள் இருவருக்கும் அதை எடுக்கலாம், ஆனால் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா. நிறுத்த வேண்டிய மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுத்துவிடுவார்கள். ஓரிரு நாள் மட்டும் சுற்றுவதென்றால், ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் போகும் சாக்சன் நாள் சீட்டு போதும். அது வார நாள்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் செல்லும் என்பதால் விடியற்கால மீன்பிடிக்கு உதவாது. முந்தைய நாளே போய்த் தங்குங்கள். பேருந்துகள் பள்ளி நேரத்தை ஒட்டி ஓடுபவை, சனி ஞாயிறுகளில் மிகக் குறைவு. ஆகையால் வார நாளில் போவதே நல்லது.

மழை பொய்த்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு 2018, 2019 ஆண்டுகளே பதில். தொடர்ந்து வறட்சி; ஸ்பிரேயில் நீர் குறைந்தது, பல குளங்கள் கோடையிலேயே வற்றின, மீனை அவசரமாக மாற்ற வேண்டியிருந்தது. இதிலிருந்து வேறானது, குளத்தை வேண்டுமென்றே ஒரு கோடை காயப் போடும் பழைய வழக்கம். அடிமண் வெயில் பட்டு, நோய்க்கிருமி செத்து, சேறு கெட்டிப்பட்டு அடுத்த ஆண்டு மீன் நன்றாக வரும் என்பார்கள், சிலர் அதில் ஓட்ஸ் கூட விதைப்பார்கள். கோடை உழவு போட்டு நிலத்தை ஆறப் போடும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பௌட்சனில் ரயிலுக்குக் காத்திருக்க நேர்ந்தால், ஸ்பிரே கரையில் 1558-இல் கட்டிய பழைய நீரேற்றுக் கோபுரத்தைப் பார்த்துவிடுங்கள். ஆற்று நீரை மேட்டிலிருக்கும் ஊருக்கு ஏற்றிக் கொடுத்து 1965 வரை வேலை செய்தது, இப்போது அருங்காட்சியகம். கோபுரத்தில் ஏறப் படிகள் நிறைய, ஆகவே அம்மா ஆற்றுப் பாலத்திலிருந்தே பார்த்துக்கொள்ளட்டும்.